தோல் தராசில் ஏறி நின்றவள்

மகனே, உன் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜட்காவை விட்டு இறங்கியவள், நான் நீட்டிய கையைத் தட்டிவிட்டுத் தானே நடந்து உள்ளே போனாள். அவள் வீடு திரும்பியதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று வேலூரிலிருந்து கிளம்பும்போதே நினைத்துக்கொண்டேன். தபால்காரன் நீட்டிய கவரைப் பார்த்ததும் நீ என்ன நினைத்துப் பயந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். இப்போது மூச்சை விடு. ஒரு டம்ளர் தண்ணீர் குடி. மீதி நீளமான கடிதம், நிதானமாகப் படி. உன் அறையில் தங்கியிருக்கிற பையன்களுக்கும் படித்துக் காட்டலாம். அவர்களும் நாளைக்குக் கல்யாணம் கட்டப் போகிறவர்கள்தானே, ஒளித்துவைக்க இதில் ஒன்றுமில்லை.

நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரயில் ஏறிப் போனாய். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. முழு நியாயமும் உன் பக்கம்தான் என்று நான் எழுதித் தருவேன் என எதிர்பார்க்காதே, நான் உன் அப்பன். ஆனால் முக்கால்வாசி உன் பக்கம். அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

உன் தோஸ்துகளுக்குப் புரிய வேண்டுமானால் எங்கள் ஷாப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆம்பூரில் நான் வேலை பார்க்கிற தோல் ஷாப்பில் கீழே தொட்டிகள், மேலே மாடிக் கொட்டகை. சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் கழன்று, ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறிப் பதமான தோல் மாடிக்குப் போய்க் காற்றில் உலர வேண்டும். முன்பெல்லாம் எல்லாம் தலைச்சுமைதான். பிறகு முதலாளி சாயபு மதராஸிலிருந்து வின்ச்சும் இரும்புக் கயிறும் வாங்கி வந்து ஒரு தூக்குப் பலகை மாட்டினார். இரண்டு பேர் கைப்பிடியைச் சுற்றினால் பலகை மெல்ல மெல்ல மாடிக்குப் போகும். இருபது மணங்குக்கு மேல், அதாவது ஐந்நூறு பவுண்டுக்கு மேல், ஏற்றாதீர்கள் என்று விற்றவன் சொல்லிவிட்டுப் போனான். அந்த இருபது மணங்கைக் காப்பாற்றுகிற வேலை எனக்கு வந்தது. ஈரத் தோலைப் பெரிய தராசில் போட்டு, கல் வைத்து, நாக்கு நேராக நின்றால்தான் பலகைக்கு விடுவேன். கொஞ்சம் கூடினாலும் ஒரு தோலை உருவிக் கீழே போட்டுவிடுவேன். தராசுக்காரன் ரொம்பக் கறார் என்று பேர் எடுத்தவன் நான். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஆனால் அந்தப் பலகையில் தோலோடு ஆளும் போகும். மாடியில் தோலைக் கழியில் பிரித்துப் போடுகிற பெண்கள், படி ஏற அலுப்பாக இருந்தால் ஈரத் தோல் மேல் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களை நான் எடையில் சேர்த்ததே இல்லை. எங்கள் ஷாப்பில் யாருமே சேர்க்கச் சொன்னதும் இல்லை. அது செத்த மாட்டைப் போடுகிற தராசு. உசுரோடு இருக்கிற மனுசர் அதில் ஏறினால் ஆயுசு குறையும் என்று எங்களுக்கு ஒரு பயம். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. சோற்றுத் தட்டைக் காலால் தள்ள மாட்டோம் இல்லையா, அதுபோல யாரும் யோசித்துப் பார்க்காத ஒரு வழக்கம்.

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, பால்பல் விழாத வயதில் ஒரு நாள் நீ எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவன், தராசுத் தட்டை ஊஞ்சல் என்று நினைத்து ஏறி உட்கார்ந்துவிட்டாய். ஷாப்பே சேர்ந்து கத்தியது. மாடியில் தோல் உலர்த்திக்கொண்டிருந்த உன் அம்மா ஓடிவந்தாள். அந்தக் காலத்தில் அவள் படியில் ஓடுவாள். உன்னைத் தூக்கி முதுகில் ரெண்டு வைத்து, மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக் கோயிலுக்குப் போகிறவள் மிளகாய் சுற்றலாமா என்று நம் பாதிரி ஐயர் கேட்டதற்கு, "ஜெபமும் பண்ணேன் ஐயரே, ரெண்டும் இருக்கட்டும்" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நீ இந்த அடைமழையில் கல்யாணப் பேச்சுக்கு லீவு போட்டு வந்தாய். மதராஸில் லிப்ட் மாட்டுகிற கம்பெனியில் பிட்டர் ஆகிவிட்ட பிள்ளை, வந்த மறுநாளே என்னைப் பார்க்க ஷாப்புக்கு வந்தாய். எனக்கு உள்ளுக்குள் பெருமை. எல்லாருக்கும் உன்னைக் காட்டலாம் என்றிருந்தேன். நீ யாரையும் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து பலகையையே பார்த்தாய். அதில் உன் அம்மா உட்கார்ந்து மேலே போய்க்கொண்டிருந்தாள்.

"நைனா, அம்மா இன்னாத்துக்கு அதுல ஏறிக்கினு போவுது?"

"முட்டி வலியாம். கொஞ்ச நாளா அப்படித்தான் போறா."

"அம்மாவ எடையில சேத்தியா?"

"உன் அம்மாவைத் தோல் தராசுல போடச் சொல்றியா? மதராஸ் தண்ணி குடிச்சா புத்தி இப்படியா போய்டும்?"

பலகை திரும்பி வந்ததும் என் தலையில் கட்டியிருந்த துண்டை உருவி, இரும்புக் கயிற்றில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வின்ச்சை மெதுவாகச் சுற்றச் சொன்னாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு பேர் முன்னால் அப்பன் தலைத்துண்டை உருவுகிற பிள்ளையை என்ன சொல்ல? துண்டு கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் மாட்டியது. பிறகு இன்னோர் இடம். பிறகு வரிசையாக. நீ துண்டை விரித்துக் காட்டினாய், சல்லடை மாதிரி கிழிந்திருந்தது.

"மாட்டின இடமெல்லாம் ஒவ்வொரு கம்பி அறுந்திருக்குது நைனா. இது வெளியில தெரியறது. உள்ள எத்தனையோ. எங்க கம்பெனியில லிப்ட் மாட்டினா, இரும்புக் கட்டிய ஏத்தி இறக்கிப் பாத்துட்டுத்தான் ஆள வுடுவோம். ஒரு ஆளுக்கு இவ்ளோ எடைன்னு போட்டு, இத்தனை பேர்தான்னு உள்ளயே எழுதி வெச்சுடுவோம். நீ தோல மட்டும் நிறுத்துட்டு, அதும் மேல ஆள உக்கார வெக்கறியே."

முதலாளி சாயபு வந்தார். துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். நல்ல மனுசர், வளவளவென்று பேச மாட்டார். "புதுக் கயித்துக்கு எழுதிப் போடறேன். வர்ற வரைக்கும் பாதி லோடு. ஆள் ஏறினா ஆளும் எடையில வரணும். இல்லாட்டி யாரும் ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண்கள் ஒருத்தியும் தராசுப் பக்கம் வரவில்லை. "நான் செத்தா நாலு பேர் தூக்கப் போறாங்க. அதுக்கு முன்ன எதுக்கு என்னை நிறுக்கறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் அவள் பக்கம்தான். நானும் மனசுக்குள் அவள் பக்கம்தான். நீ விடவில்லை. வழி காட்டுகிறவன் மாதிரி நீயே தட்டில் ஏறி நின்றாய். கல்லைத் தூக்கி வைக்க எனக்குக் கை வரவில்லை, வின்ச்சுக்காரன்தான் வைத்தான். அப்போது உன் அம்மா மாடிப் படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கி வந்தாள். உன்னைத் தட்டில் பார்த்தாள். இந்தத் தடவை கத்தவில்லை. உன்னை இறங்கச் சொல்லிவிட்டு அவள் ஏறினாள்.

"இன்னா பண்றே நீ?" என்று அதட்டினேன்.

"புள்ளை ஏறிட்டான். அவன் ஆயுசுல கொறையறத என்னுதுல கழிச்சுக்கட்டும். கல்ல வெய்யி."

வைத்தேன். ஒரு நடுத்தர வயதுப் பெண்பிள்ளை எவ்வளவு இருப்பாள் என்று எனக்கு ஒரு மதிப்பு உண்டு. நாலரை மணங்குக்குக் கல் போட்டேன். உன் அம்மா சட்டென்று மேலே போய்விட்டாள். கல் இருந்த தட்டு தரையில் இடித்தது. தராசுச் சங்கிலி எங்கோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து உதறிப் பார்த்தேன். ஒரு கல்லை எடுத்தேன். அப்போதும் அவள் மேலேயே இருந்தாள். இன்னொன்றை எடுத்தேன். பிறகு சின்னக் கல்லாக எடுக்க ஆரம்பித்தேன். மூன்று மணங்கில் நாக்கு நேராக நின்றது. நன்றாக ஊறின எருமைத் தோல் ஒன்றே இரண்டு மணங்கு வரும், மகனே. என் பெண்டாட்டி இரண்டு ஈரத் தோலுக்குக்கூட வரவில்லை.

கயிற்றுக்கு அவள் பாரம் ஜாஸ்தி என்று காட்டத்தான் நீ அந்தத் தராசைப் பிடித்தாய். அது வேறொன்றைக் காட்டிவிட்டது. நீ என்னைப் பார்த்துக் கேட்டதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது ஒரு மாதமாக என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. "ஒரு தோல கையில வாங்கினாலே ஈரம் எவ்ளோ, காஞ்சா எவ்ளோ தேறும்னு சொல்லுவியே நைனா. அம்மா எப்போ இப்படி ஆச்சு?" மறுநாள் காலை உன் லீவு முடிந்தது. அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போய்விட்டாய்.

நீ போன பிறகு அவளை என் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னேன். அவள் வெட்கப்பட்டாள். நம் வீட்டில் நான் முதலில் சாப்பிட்டு எழுந்துவிடுவேன், அவள் பிறகு சாப்பிடுவாள். எவ்வளவு சாப்பிடுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று நான் பார்த்ததே கிடையாது. அன்றைக்குத்தான் பார்த்தேன். ரெண்டு வாய் எடுத்துவிட்டுப் பிசைந்துகொண்டே இருந்தாள். இதுதானா, தினமும் இதுதானா என்று கேட்டதற்கு, "எறங்க மாட்டேங்குது" என்றாள். முட்டி வலியும் பொய்யாம். "நாலு படி ஏறினா நெஞ்சு அடிச்சுக்குது, கண்ணு இருட்டிக்கினு வருது. சொன்னா நீ வேலைய வுடச் சொல்லுவே. புள்ளை கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்." வெளிச்சத்தில் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

சயரோகம் என்று முடிவே கட்டிவிட்டேன். நம் தெருவில் அது வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நீயும் பார்த்திருக்கிறாய், யாரும் திரும்பி வந்ததில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்களே என்று பயந்து, இன்றைக்கு நாளைக்கு என்று நாலைந்து நாளைக் கடத்தினேன். இந்த விஷயத்தில் உன் அப்பன் கோழை. கடைசியில் ஐயர்தான் அதட்டி, அவரே கூட வந்து டிக்கெட் வாங்கி ரயில் ஏற்றிவிட்டார். காட்பாடியில் இறங்கி ஜட்கா பிடித்து வேலூர் போனோம். வழியெல்லாம் உன் கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் உம் கொட்டினேன். அவள் அந்தக் கல்யாணத்தைப் பார்ப்பாளா என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எடுத்த எடுப்பிலேயே ஓர் இயந்திரத்தில் ஏறி நிற்கச் சொன்னார்கள். எல்லாரையும் அதில் ஏற்றித்தான் பார்க்கிறார்கள். நர்ஸ் கை பிடிக்க வந்தாள். உன் அம்மா, "எங்க வூட்டுக்காரர் ஏற்கெனவே தோல் தராசுல போட்டுப் பாத்துட்டாரு, மூணு மணங்கு" என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? ஆனால் இயந்திரம் காட்டியதும் கிட்டத்தட்ட அதேதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று நாள் ஏதேதோ பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். உட்காரச் சொல்லியும் நான் நின்றுகொண்டே இருந்தேன். "சயம் இல்லை. வயித்துல கொக்கிப் பூச்சி. நிறைய இருக்கு, ரத்தத்தை எல்லாம் குடிச்சுட்டு இருக்கு. மருந்து இருக்கு, சரியாய்டும்" என்றார். நான் மறுபடி கேட்டேன். அவர் மறுபடி சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். ஆண்டவர் அந்த அம்மாவை நன்றாக வைத்திருக்கட்டும்.

அந்தப் பூச்சி வெறுங்காலில் சேறு மிதிக்கிறபோது பாதத்தின் வழியாக உள்ளே போகுமாம். அதைச் சொல்லிவிட்டு உன் அம்மாவின் காலைப் பார்த்தார். "தோல் ஊரிலிருந்து வர்றீங்க. காலுக்கு ஒரு செருப்பு இல்லையா?" உன் அம்மா சொன்னாள், "நாங்க தோலைப் பண்ணி அனுப்பறவங்கம்மா. போடறவங்க வேற." டாக்டரம்மா சீட்டில் எதையோ எழுதி முடித்தார். பிறகு, "இனிமே நீங்களும் போடறவங்கதான்" என்றார்.

வெளியே வந்து நேராக லாங் பஜாருக்கு நடந்தேன். என்னமோ கால் தரையில் படவே இல்லை. நடுத்தெருவில் நின்று துண்டால் முகத்தை மூடி அழுதேன். கைவண்டிக்காரன் ஒருவன், "யோவ் பெரியவரே, அழுவறதுன்னா ஓரமா நின்னு அழு, மூட்டை வருது" என்று கத்தினான். ஓரமாகப் போய் நின்று மீதியை அழுதேன். பிறகு ஒரு கடையில் பொம்பளை செருப்பு கேட்டேன். கால் எவ்வளவு என்று கடைக்காரன் கேட்டான். தெரியவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்குப் பெண்டாட்டியின் கால் அளவு தெரியவில்லை. கையால் சும்மா ஓர் அளவு காட்டினேன். வாங்கிப் போனால் அது எனக்கே சரியாக இருந்தது. நர்ஸ், வார்டில் இருந்த பெண்கள், எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. மறுபடி நடந்து போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதம் அங்கேயே வைத்திருந்தார்கள். முதல் மருந்தில் ரொம்பத் துவண்டு போனாள், உனக்குச் சொல்லியனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு தேறினாள். பிறகு பசி வந்தது. பக்கத்துக் கட்டிலில் அணைக்கட்டு என்கிற ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு வீட்டிலிருந்து களி வரும். அதில் பாதியை உன் அம்மா வாங்கித் தின்கிறாள் என்று நர்ஸ் என்னிடம் புகார் சொன்னாள். அந்தப் புகாரைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

இனி உனக்கு. அடுத்த ஞாயிறு முதல் கோயிலில் சபை முன்னால் உங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்க ஐயரிடம் சொல்லிவிட்டேன். குடியாத்தத்தில் பெண் வீட்டாரும் சரி என்றுவிட்டார்கள். நீ கயிற்றில் துணி சுற்றிப் பழுது கண்டுபிடிக்கிறவன், வேலையில் கெட்டிக்காரன். நானும் வேலையில் கெட்டிக்காரன்தான். ஷாப்பில் இருந்த கண் எனக்கு வீட்டில் இல்லாமல் போயிற்று. உனக்கு அப்படி ஆகக் கூடாது. வருகிற பெண்ணோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடு. உன் அம்மாவே அதைப் பார்த்து முகம் சுளித்தாலும் சாப்பிடு. மதராஸில் தனிக்குடித்தனம், யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார். "ஒண்ணுமில்லை" என்று அவள் சொன்னால் அதோடு விட்டுவிடாதே, கொஞ்சம் தொந்தரவு பண்ணு. தொந்தரவு பண்ணுகிற புருஷன் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை. அவள் கால் அளவையும் தெரிந்துவைத்துக்கொள், கடையில் என்னைப் போல முழிக்காதே.

புதுக் கயிறு வந்துவிட்டது. பலகையில் ஆள் ஏறவே கூடாது என்று சாயபு உத்தரவு போட்டிருக்கிறார். தராசுப் பயமும் போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் தாங்களாகவே ஏறி நின்று, நீ எத்தனை தோல், நான் எத்தனை தோல் என்று ஒருத்தியை ஒருத்தி கேலி பண்ணுகிறார்கள். பழைய கயிற்றில் ஒரு முழம் உனக்காக வெட்டிவைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தேன், உள்ளே பாதிக் கம்பி துருவேறிப் பொடியாகிக் கிடந்தது. நீ சொன்னது சரி. இதை நீ கல்யாணத்துக்கு வரும்போது எல்லார் முன்னாலும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை உன் அம்மா ஷாப்புக்கு வந்தாள். வேலைக்கு அல்ல, அதற்கு இன்னும் ரெண்டு வாரம் போகட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சும்மா எல்லாரையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள். முதலாளி எதிரே எப்படிப் போட்டுக்கொண்டு வருவது என்று அவளுக்குக் கூச்சம். சாயபு பார்த்துவிட்டு, "கழட்டாதேம்மா, அப்படியே வா" என்றார். வந்தாள். தொட்டிப் பக்கம் நின்றவர்களிடம் பேசினாள். நான் ஒரு லோடுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். மாடிப் படியில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. எங்கள் ஷாப்பின் படியில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அங்கே வேலை செய்கிற பெண்கள் யாரும் செருப்புப் போட்டு ஏறியதில்லை. கல்லைக் கையில் பிடித்தபடியே நின்றேன். பாதியில் சத்தம் நின்றால் ஓடுவதற்குத் தயாராக நின்றேன், மகனே. நிற்கவில்லை. மேலே வரைக்கும் போயிற்று.

கொட்டகை ஜன்னலில் உன் அம்மாவின் தலை தெரிந்தது. மூச்சு வாங்கவில்லை.

"இன்னாயா அண்ணாந்து பாத்துக்கினு நிக்கறே, வேலை இல்லையா? தோல அனுப்பு."

அனுப்பினேன்.